வள்ளியூர்த் தலைவலி

புகைக்குழாய்க் கோளாறு என்று எந்தக் கார் வந்தாலும் நான் முதலில் கையில் எடுப்பது நான் இடுப்பில் கட்டிக் கழித்த பழைய சாரத்தில் கிழித்த ஒரு துண்டுத் துணிதான். அதை வாளித் தண்ணீரில் நனைத்து, இன்ஜின் ஓடும்போது பின்பக்கக் குழாயின் வாயில் அழுத்திப் பிடித்தால், வெளியேற வழியில்லாத புகை ஓட்டை உள்ள இடத்தில் சீறிக்கொண்டு வரும். சத்தம் வரும் திசையில் போனால் ஓட்டை அகப்பட்டுவிடும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துணியை நனைக்கும்போதெல்லாம் முக்கூடல் மதினியின் ஞாபகம் வந்துவிடுகிறது.

மதினி என்றால் சொந்தமில்லை. முக்கூடலில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் மனைவி. அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டு அவர் வீட்டம்மாவை வேறெப்படிக் கூப்பிடுவதாம்? அண்ணாச்சிக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வாழை இருந்தது. முதல் வெட்டுத் தார்கள் வள்ளியூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டுக்குப் போயாக வேண்டும். அதில் மனிதர் கறார். தார்களை ஏற்றினால் டிக்கி மூடாது, பாதி திறந்தபடியே கயிறு போட்டுக் கட்டிவிடுவார். மதினி பின் சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். தலை கலைந்து நாத்தனார் முன்னால் போய் இறங்க முடியுமா? அண்ணாச்சியோ முன்னால் கையை வெளியே போட்டுக்கொண்டு, காற்று வாங்கியபடி ஓட்டுவார்.

வள்ளியூர் போய்ச் சேர்வதற்குள் மதினிக்குத் தலைவலி, வாந்தி. போனதும் படுத்துவிடுவார். திரும்பி வரும்போது ஒன்றும் செய்யாது. பிறந்த வீட்டுக்குப் போனாலும் ஒன்றும் செய்யாது. வேறென்ன சாட்சி வேண்டும்? நாத்தனார் வீட்டு அடுப்படி வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று தீர்ப்பாகிவிட்டது. வள்ளியூர்த் தலைவலி என்று பெயரும் வைத்து, கல்யாண வீடுகளில் அவரை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரித்தார்கள்.

ஒருநாள் அப்படிப் போகிற வழியில், கார் டிராக்டர் மாதிரி கத்துகிறது என்று சேரன்மகாதேவியில் என் பட்டறைக்குள் வண்டியைத் திருப்பினார் அண்ணாச்சி. மதினி இறங்கியதும் வேலியோரமாகப் போய் வாந்தியெடுத்தார். அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆரம்பிச்சிட்டா வே. இன்னைக்குக் களக்காடு வரைக்குங்கூடப் பொறுக்கல" என்றார்.

நான் துணியை நனைத்துப் பிடித்தேன். டிக்கிக்கு நேர் கீழே சீறியது. குழாய் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தது, சுற்றிலும் கரி. முகம் கழுவிவிட்டு வந்த மதினி குனிந்து பார்த்து, இந்தப் புகை வண்டிக்குள் வருமா என்று கேட்டார். நான் வெல்டிங் கம்பியைத் தேடிக்கொண்டே, டிக்கி திறந்து கிடந்தால்தான் உள்ளே இழுக்கும் மதினி என்று சொல்லிவைத்தேன். அவர் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தார் ஏத்துன அன்னைக்கெல்லாம் தொறந்துதான கெடக்கு, தம்பி" என்றார் பைய.

நான் தேடுவதை விட்டுவிட்டு, டிக்கியின் உட்பக்கத்தை விரலால் துடைத்தேன். விரல் கறுத்தது. அண்ணாச்சி, "அப்போ திரும்பி வரும்போது தார் இல்ல, டிக்கி மூடியிருக்கு..." என்று இழுத்தார்.

மதினி சண்டை போடவில்லை, அழவுமில்லை. துணியை வாங்கி நனைத்து, தன் கையாலேயே குழாயை அடைத்தார். "இங்கன வந்து கேளுங்க" என்றார். வெள்ளை வேட்டியோடு அண்ணாச்சி தரையில் குத்தவைத்துக் காதைக் கொடுத்தார்.

"கேக்கா?"

"கேக்கு."

"எனக்கே சந்தேகம் வந்துட்டு. நாந்தான் நடிக்கனோன்னு."

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. நான் குழாயைப் பற்றவைத்து முடித்ததும் அண்ணாச்சியே கயிற்றை அவிழ்த்து, தார்களைப் பின் சீட்டில் அடுக்கி, டிக்கியை மூடினார். அன்று வள்ளியூருக்கு மதினி முன் சீட்டில் போனார்.

இப்போது புகையை அளக்கும் கருவி என் பட்டறையிலும் இருக்கிறது. துணியையும் விடவில்லை. வருகிறவர்களிடம், பின் சீட்டில் உட்காருகிறவருக்குத் தலைவலி உண்டா என்று கேட்பேன். பெரும்பாலும் ஓட்டுகிறவர்தான், அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார். அவரை விட்டுவிட்டு, பின் கதவைத் திறந்து மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் துணியை நனைக்கிறேன்.