ட்சாய் டீச்சர் எங்கள் வாயை அடைத்த கதை

தைவானின் டோங்ஷி கடற்கரைக் கொட்டகையில் சிப்பி உடைக்கும் நாங்கள் ஆறு பேர். கத்தியைவிட எங்கள் வாய்க்கு வேகம் அதிகம். சியோக்ஹுவா மட்டும் தலை நிமிரமாட்டாள். கொட்டகையிலேயே அவள் பக்கத்தில் வளரும் மகள் லின்னுக்கு நாலு வயசாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வரவில்லை.

"பெத்தவ பேசினாத்தானே புள்ள பேசும்?" என்று முதலில் குத்தியவள் நான்தான்.

குழந்தைகளின் பேச்சை ஆராயும் ட்சாய் டீச்சர் தைபேயிலிருந்து வந்தாள். மூன்று வாரம் எங்களோடு உட்கார்ந்து பேச்சையெல்லாம் பதிவு செய்தாள். பிறகு என்னிடம் நேராகவே சொன்னாள்.

"பெரியம்மா, அம்மா மேல தப்பே இல்ல. சில புள்ளைங்களுக்குப் பிறவியிலேயே இப்படித்தான். லின் ஒரு வார்த்தையத் தேடுறதுக்குள்ள நீங்க பத்து பேசிடுறீங்க. கொஞ்சம் காத்திருங்க."

சியோக்ஹுவா ஓவென்று அழுதாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து லின் வாயெடுத்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். டீச்சரும் வாரம் தவறாமல் வந்து பயிற்சி கொடுத்தாள். ஐந்தாம் மாதம் ஒருநாள், நான் மறந்துபோய்க் குறுக்கே பேசினேன்.

"பெரியம்மா, நிறுத்து!" என்றாள் லின்.

இரண்டு வார்த்தை!

"செத்துப்போன உன் பெரியப்பா முப்பது வருஷமா சொல்ல நெனச்சத நீ சொல்லிட்டடி!" என்று கொட்டகையே சிரித்தது. சியோக்ஹுவாவும் சிரித்தாள்.

வருஷாவருஷம் என் முதல் கூடை சிப்பி டீச்சருக்குத்தான் போகிறது.