சாலையின் இடது ஓரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவிக்கு ஆழ்வார்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. வீடு அசோக் நகரில். முதல் சில வாரங்கள் பஸ்ஸில் போனாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் வாங்க வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு முன்பு காலேஜுக்குச் சைக்கிளில் போனவள்தான். பஸ்ஸில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். "கூட்டம்" என்று மட்டும் சொன்னாள்.

பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்க வலை போட்ட லேடீஸ் சைக்கிள் வாங்கினோம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாப்பாட்டுப் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, எனக்கு முன்பே கிளம்பிவிடுவாள். மாம்பலம் சப்வேயில் இறங்கி ஏறி, பனகல் பார்க், பாண்டி பஜார், தேனாம்பேட்டை என்று போவாள். நடுவே உள்தெருக்கள் வழியாக ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அந்தக் குறுக்கு வழியைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். பனகல் பார்க் பக்கத்துத் தெருக்கள் சிலவற்றை ஒருவழிப் பாதையாக்கினார்கள். கார்களுக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கும். சைக்கிள்காரர்கள் பஸ்களோடும் லாரிகளோடும் பெரிய சாலையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதிலும் இடது ஓரம் முழுக்க ஆட்டோ, தண்ணீர் லாரி, நடைபாதைக் கடைகள், பாதி மூடிய சாக்கடை மூடிகள்.

"எனக்கு ரெண்டு முழம்தான் ரோடு" என்றாள் ஒரு நாள் ராத்திரி, பூ அளப்பதுபோல் கையை நீட்டிக் காட்டி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலை அடையாறைத் தாண்டி இருந்தது. கம்பெனி பஸ் என்னை அசோக் நகரில் ஏற்றிக்கொண்டு, தி. நகர் வழியாகவே போகும். எனக்கு இடப்பக்கத்து ஜன்னல் சீட் வழக்கம். அன்று காலை அவள் தாமதமாகக் கிளம்பியிருந்தாள். பனகல் பார்க்கைத் தாண்டியதும் ஜன்னலுக்குக் கீழே தெரிந்த கொண்டையையும் சாப்பாட்டுப் பையையும் பார்த்து, அவள்தான் என்று சந்தோஷப்பட்டேன். கூப்பிடலாம் என்று ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டினேன்.

அப்போது பஸ் இடதுபுறம் ஒதுங்க ஆரம்பித்தது. வலப்பக்கம் வேறொரு பஸ் முந்திக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. அவள் போவதற்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். எஞ்சின் சத்தத்திலும் உள்ளே ஓடிய பாட்டிலும் எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவள் ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து பஸ்ஸின் தகரத்தைத் தட்டினாள். என் காலுக்குப் பக்கத்தில் அந்த அடி அதிர்ந்தது. கம்பிக்குள் கையை விட்டு நீட்டினேன். தோள் வரைதான் போனது. பிறகு ஜன்னலில் அவள் இல்லை.

பஸ் நின்றது. நெரிசலை விலக்கிக்கொண்டு இறங்கி ஓடினேன். லாரியின் பின் சக்கரத்தை ஒட்டி, சைக்கிள் மேலே கிடக்க, தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள்.

"நீங்க இதுலயா இருந்தீங்க?" என்றாள்.

டிரைவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். நல்ல மனிதர். அவரும் இறங்கி ஓடி வந்தார். "கண்ணாடில தெரியல சார். இந்தாண்ட லாரி நின்னுக்கினு கீது. அந்தாண்ட பஸ்ஸு. நான் எங்க சார் போறது?" என்றார். நானும் சாலையைப் பார்த்தேன். அவர் போயிருக்கக்கூடிய இடம் என்று எதுவும் தெரியவில்லை. அதற்குள் பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தோள்பட்டை எலும்பில் விரிசல். அவள் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டில் இருந்தபோது, போக்குவரத்துக்குப் பொறுப்பான ஒரு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் சைக்கிளுக்கென்று கொஞ்சம் இடம் விட முடியாதா, அங்கே லாரி நிறுத்துவதையாவது தடுக்க முடியாதா என்று கேட்டேன். அவர் எரிந்து விழவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், முழுவதையும் கேட்டார். வண்டிகள் பெருகிக்கொண்டே போவதையும், சாலை மட்டும் அதே அகலத்தில் இருப்பதையும் பொறுமையாக விளக்கினார். கடைசியில், ஆறுதலாகத்தான் சொன்னார்: "சைக்கிள் குறைஞ்சுக்கிட்டுதான் சார் வருது. இன்னும் கொஞ்ச வருஷத்துல இந்தப் பிரச்சினையே இருக்காது."

டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

தோள் சரியானதும் அவள் சில நாள் பஸ்ஸில் போனாள். பிறகு ஒரு காலை சைக்கிளை வெளியே எடுத்தாள். வேண்டாம் என்று வழியை மறித்து நின்றேன்.

"பஸ்ல தினமும் எவன் கையாவது மேல படுது. ஒரு நாள் ஊக்கை எடுத்துக் குத்தினேன், கண்டக்டர் என்னைத்தான் திட்டினான்" என்றாள். "இதுல எது வருதுன்னாவது கண்ணுக்குத் தெரியும். நகருங்க."

நகர்ந்தேன். வேறு என்ன செய்ய? கூடவே இன்னொரு சைக்கிளில் போகலாம் என்றால், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இன்னொரு ஆளாகத்தான் இருப்பேன். டிரைவர் மட்டும் அதற்குப் பிறகு பனகல் பார்க் வந்தாலே வேகத்தைக் குறைத்து, "மேடம் போய்ட்டாங்களா சார்?" என்று திரும்பிக் கேட்பார். தெரியாது என்பேன்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. இடையில் சாலையை அகலப்படுத்த நடைபாதையை வெட்டினார்கள். கிடைத்த அகலத்தில் கார்களை நிறுத்தினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அவள் போகும் வழியில் மேம்பாலத்துக்குப் பள்ளம் தோண்டித் தகரத் தடுப்பு வைத்தார்கள். தடுப்புக்கும் பஸ்களுக்கும் நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஒரு திங்கட்கிழமை சைக்கிளை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, கைப்பையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஏனென்று நான் கேட்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாயந்திரம் பஸ்ஸில் வந்தவள், கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போனாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. காபி கலந்து மூடி வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.