வடகிழக்குச் சரிவு

பிறேமினி லண்டன் சுரங்க ரயிலின் நோர்தேன் லைனில் ரயில் ஓட்டுகிறவள். வீடும் மோர்டனில், வேலை தொடங்குவதும் மோர்டனில். சுரங்கத்துக்குள்ளேயே பாதி நாளைக் கழிக்கிறவளுக்கு மலைப் பைத்தியம் பிடித்தது கூட வேலை செய்த ஒருத்தியால். ஒரு மாசியில் அவளோடு ஸ்கொட்லாந்து போனவள், அடுத்த வருடம் பனிச்சரிவுப் பயிற்சிக்கே போய்விட்டாள். கணவன் கஸ்பரையும் பழக்கினாள். மன்னார் வெயிலில் வளர்ந்த சோடிக்கு இது தேவையா என்று கோயிலில் சனம் சிரித்தது.

இந்த முறை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கஸ்பர் தன் தம்பி டிலுக்சனோடு ஸ்கொட்லாந்து மலையொன்றுக்குப் போயிருந்தான்.

ஷிப்டுக்கு முன் அந்த மலைக்கான பனிச்சரிவு அறிவிப்பைப் போனில் பார்த்தாள். இரவு முழுக்கத் தென்மேற்குக் காற்று. புதுப்பனியை வாரிக்கொண்டுபோய் முகட்டுக்கு அந்தப் பக்கம், வடகிழக்குச் சரிவில் குவித்திருந்தது. அடியில் கிடந்த பழைய பனிக்குப் பிடிமானமில்லை. ஒரு ஆள் காலை வைத்தாலே மேற்பனி பாளமாக உடைந்து வரலாம். கஸ்பர் இறங்கப்போவதாகச் சொன்ன வழி அதுதான்.

அழைத்தாள். எடுக்கவில்லை. குரல் செய்தி விட்டுவிட்டு, போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஓட்டும்போது அதைத் தொட ஏலாது. சுரங்கம் முழுக்க வெள்ளைச் சரிவுதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு நிலையத்தில் கதவுகள் மூடிவிட்டனவா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

லைனின் மறுமுனையான எட்ஜ்வேரில் இறங்கி மறுபடி அழைத்தபோது, காற்றின் இரைச்சலுக்குள் கஸ்பரின் குரல் கேட்டது.

“முகட்டிலை நிக்கிறம். காலமை சிக்னல் இல்லை. இனி இறங்கப்போறம்.”

“வேண்டாம். வந்த வழியாலை திரும்புங்கோ.”

போன் டிலுக்சனின் கைக்கு மாறியது. “மச்சாள், இவ்வளவு தூரம் வந்திட்டம். பனி கல்லு மாதிரி இருக்கு.”

“மேலாலை அப்பிடித்தான் இருக்கும். நடக்கேக்கை கீழை பொத்தெண்டு அமுங்கிற சத்தம் ஏதும் கேட்டதோ?”

“அண்ணை இறங்க வெளிக்கிடுறார்,” என்றான் டிலுக்சன்.

“டிலுக்சன், கேட்டதோ இல்லையோ?”

“ஓம். ரெண்டு தரம்.”

“அது உடையப்போற சத்தம். திரும்பு!”

தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை தரம் அழைத்தும் கிடைக்கவில்லை. திரும்பிப் போகும் ரயில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவளுக்காக நின்றது. பிறேமினி அதில் ஏறவில்லை. நேரே மனேஜரிடம் போனாள்.

“என்னால இப்ப ஓட்ட முடியாது,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வேறொரு ஓட்டுநரை அனுப்பினார்.

ஆறிப்போன தேநீரின் முன்னால், “மடு மாதாவே” என்பதற்கு மேல் செபம் வராமல் இருந்தாள். கடைசியில் போன் அடித்தது.

“டிலுக்சன் உயிரோடை இருக்கிறான்,” என்றான் கஸ்பர். மூச்சு வாங்கியது. “திரும்பேக்கை முகட்டு விளிம்பிலை பனி அவன்ரை காலடியிலையே உடைஞ்சு அந்தப் பக்கமா இழுத்துக்கொண்டு போட்டுது. பாறையிலை தட்டி நிண்டவன். இடுப்பளவு பனி. தோண்டி எடுத்திட்டன். கால் முறிஞ்சிட்டுது. ஹெலிகொப்டர் வருதாம்.”

“இப்ப எங்கை நிக்கிறியள்? அந்தச் சரிவுக்குக் கீழையோ?”

“ஓம்.”

“மேலை மிச்சமும் வரும். அவனை இழுத்துக்கொண்டு பக்கத்துக்கு விலகுங்கோ. கத்தினாலும் இழுங்கோ!”

போனுக்குள் டிலுக்சன் அலறுவது கேட்டது. அந்த அலறலைக் கேட்கக் கேட்கத்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த நாள் ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் டிலுக்சன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “முதல் தரம் சத்தம் கேட்டவுடனையே எனக்குப் பயம் வந்திட்டுது மச்சாள். அண்ணைக்குச் சொல்ல வெக்கமா இருந்தது.”

“நானும் பயந்துபோய் ரயிலை விட்டிட்டுத்தான் வாறன்,” என்றாள் பிறேமினி. பிறகு அவன் தலையணையை நிமிர்த்திவைத்து, சூப்புக் கோப்பையைக் கையில் எடுத்தாள்.