மூன்றாவது கோல்கீப்பர்

பந்து எந்தப் பக்கம் வரும் என்று அடிப்பவன் காலைத் தூக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கமே பாய்வார், கையையும் நீட்டுவார். ஆனால் கண்ணிமைக்கும் நேரம் தாமதமாக. பந்து வலைக்குள் விழுந்ததும் புல்லில் கிடந்தபடியே கையுறைகளைத் தட்டி, "சூப்பர்ப்பா! இதை எவனாலயும் புடிக்க முடியாது!" என்று கத்துவார்.

தேசிய அணியின் பயிற்சி முகாமில் அவர் பெயரே "மூணாவது"தான். பயிற்சிக்கு அவர் வேண்டும், ஆட்டத்துக்கு வேண்டாம். சங்கத்தார் இரண்டு கோல்கீப்பர்களுக்கு மேல் விமானத்தில் ஏற்றுவதில்லை. நாட்டின் பெயர் போட்ட பனியனை இத்தனை வருஷமாகத் துவைத்துக் காயப்போடுகிறார், ஒரு ஆட்டத்துக்குக்கூடப் போட்டதில்லை.

போன தகுதிச் சுற்று முழுவதும் ஒரு கோலும் அடிக்காத அணி இது. கோல் கம்பத்தைப் பார்த்தாலே ஆட்டக்காரர்களுக்குக் கால் உதறியது. கோச் ஒருநாள் மூணாவதைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, பசங்க மனசொடிஞ்சு கெடக்கானுங்க. கொஞ்சம் உள்ள விடேன். வேணும்னு விடறது மட்டும் தெரியக் கூடாது."

அன்றிலிருந்து அதுவே வேலை. சும்மா விடுவது யாருக்கும் வரும், உயிரைக் கொடுத்துப் பாய்ந்தும் தவறவிட்டதுபோல விடுவதற்குச் சாமர்த்தியம் வேண்டும். அதில் அவரை அடிக்க ஆளில்லை. என்ன பிழைப்பு இது! வெளியே சொல்லிப் பீற்றிக்கொள்ளவா முடியும்?

முகாமுக்குப் பை கட்டும்போதெல்லாம் மனைவி கேட்பார்: "இந்தத் தடவையாவது டிவில காட்டுவாங்களா?"

"பெஞ்சுல உக்கார வெச்சா காட்டுவாங்க."

"உக்காந்தா எங்க தெரியும்? அப்பப்ப எந்திரிச்சு பெஞ்சைத் தொடைங்க, மூஞ்சியாவது தெரியும்."

இருவரும் சிரிப்பார்கள். மகள் சிரிப்பதில்லை. அவள் அப்பா தேசிய அணியில் இருக்கிறார் என்பதை வகுப்பில் ஒருத்தரும் நம்புவதில்லை.

இந்த முகாமில் இரண்டாவது கோல்கீப்பருக்கு விரல் முறிந்தது. விமானத்தில் ஒரு இடம் காலி. கிளப் அணி ஒன்றிலிருந்து புதிதாக ஒரு கோல்கீப்பரையும் வரவழைத்தார்கள். "நாளைக்குக் காலைல ரெண்டு பேருக்கும் டெஸ்ட்," என்றார் கோச். "நெசமாவே புடிக்கணும், என்ன?" வீட்டுக்குப் போன் போட்டார் மூணாவது. மகள் பிடுங்கிப் பேசினாள்: "புடிச்சிருங்கப்பா. ப்ளீஸ்ப்பா."

முதலில் புது ஆள் நின்றார். பாதிக்கு மேல் பிடித்துவிட்டார். பிறகு இவர். பந்து இடப்பக்கம் என்று தெரிந்தது. பாய்ந்தார், கையும் போனது. கண்ணிமைக்கும் நேரம் தாமதமாக. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். பாவம், இன்று அவர் விடவில்லை.

"நான் விடல சார்," என்றார் எழுந்து. "சத்தியமா விடல. கை வர மாட்டேங்குது."

"தெரியுது தம்பி," என்றார் கோச், தன் ஷூவைப் பார்த்தபடி. "கடைசி பால். நில்லு."

நாட்டுக்காக இன்னும் ஒரு கோலும் அடிக்காத முன்வரிசைக்காரன் ஓடி வந்து உதைத்தான். வலப்பக்கம். அதுவும் தெரிந்தது. பந்து விரல் நுனியை உரசிக்கொண்டு வலையில் விழுந்தது. உதைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அவர் குப்புறக் கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தை நிமிர்த்தாமலே, இரண்டு கையுறைகளையும் தட்டினார்.

"சூப்பர்ப்பா!"