கண்ணாடி ஆபீஸ் ஆலமரம்

பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்று இல்லை, ஊர் எது என்றுதான். இந்த ஊர்தான் என்பேன். "அது சரி, சொந்த ஊரு?" என்பார்கள். அதுவும் இதுதான் என்றால், எதையோ மறைக்கிறேன் என்பதுபோல ஒரு பார்வை. நான் பிறந்தது அல்சூரில். என் அப்பா பிறந்ததும் அங்கேதான். அவருக்கு முந்தியவர்கள் எங்கிருந்து வந்தோம் என்று யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நெல் எங்கே விளையும் என்று அந்த நாளில் கேட்டிருந்தால், அரிசிக்கடைப் பக்கமாகத்தான் கையைக் காட்டியிருப்பேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இந்த இடத்தில் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கல்யாணமாகி வந்தது தொம்மலூருக்கு. எங்கள் சந்தில் எல்லோருக்கும் திருவண்ணாமலைப் பக்கம், தருமபுரிப் பக்கம் என்று ஒரு கிராமம் உண்டு. பொங்கல் வந்தால் சந்தே காலியாகிவிடும். வீட்டுச் சாவி, கோழி, துளசிச் செடி எல்லாம் என் பொறுப்பு. திரும்பி வரும்போது வேர்க்கடலையும் மொச்சையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கூடவே, ஊர்க் காற்றே வேறு, ஊர்த் தண்ணீரே வேறு என்று பேச்சும் வரும். ஒருத்தி ஒரு தடவை ஊர்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள். குடித்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு கறவை மாடு. அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அதுதான். போன ஈத்தில் கன்று போட்ட சில நாளிலேயே பால் வற்றிப்போனது. கன்றோடு விழுந்த நஞ்சுக்கொடியை நாய் இழுத்துக்கொண்டு போனதுதான் காரணம் என்று அவள் அடித்துச் சொல்வாள். இப்போது மாடு மறுபடி சினை. "இந்த வாட்டியும் பால் இல்லன்னா வித்துட வேண்டிதுதான்க்கா" என்று சொல்லும்போதெல்லாம் மாட்டின் காதை மூடிக்கொள்வாள். அதற்குக் கேட்கக்கூடாதாம்.

நான் சொல்ல வந்த பொங்கல், எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், ஆபீஸ்காரர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்த காலம். அவள் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினாள். மாட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, கறக்கும் வேலை இல்லை, புல்லும் கழுநீரும் வைத்தால் போதும் என்றாள்.

"எதுக்குடி இவ்ளோ அவசரம், பொங்கல இங்க வெச்சா பொங்காதா?" என்றேன்.

"பொங்கல் இல்லக்கா, மாட்டுப் பொங்கல். அதுக்கு ஊர்ல இல்லன்னா எப்டி?"

மாட்டுப் பொங்கல் கொண்டாட, மாட்டை என்னிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் கழுநீர் வாளியோடு போனால், ஒன்றாக இருந்தது இரண்டாக நிற்கிறது. சின்னது நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து நிற்கிறது. பெரியது அதை நக்கிக்கொண்டே, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்பதுபோல என்னைப் பார்க்கிறது. ஓடிப்போய் வீட்டுக்காரரை எழுப்பினேன். அவருக்குப் பீன்யாவில் லேத் வேலை.

"எனக்குத் தெரிஞ்சது லேத்து ஒண்ணுதான். அது கன்னு போடாது" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

முனைக்கடையிலிருந்து அவள் ஊர்க் கடைக்குப் போன் போட்டேன். யாரோ ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார்கள். பின்னால் மேளச் சத்தம்.

"இன்னாக்கா, மாடு சாப்டுதா?"

"சாப்டுது. ரெண்டும் சாப்டுது."

"எந்த ரெண்டு?"

"உன் மாடு ஒண்ணு. பக்கத்துல இன்னொண்ணு நிக்குது."

மேளத்துக்கு மேலே கத்தினாள்.

"பொட்டையா?"

"அது எப்டி பாக்கறது?"

"வாலத் தூக்கிப் பாருக்கா. சரி, நஞ்சுக்கொடி விழுந்துச்சா?"

"ஒண்ணும் விழல."

"மத்தியானத்துக்குள்ள விழும். மாடு தின்னக் கூடாது, நாய் தொடக் கூடாது. வைக்கோல்ல சுருட்டி, சாக்குல கட்டி, ஆலமரத்துல தொங்கவிடு. பால் வடியற மரமா இருந்தாத்தான் மாட்டுக்குப் பால் எறங்கும்."

"வீட்டாண்ட முருங்க மரம் இருக்குதுடி."

"முருங்கையில கட்டுனா சாம்பார்தான் எறங்கும். ஆலமரம்தான்க்கா. உன்னத்தான் நம்பியிருக்கேன்." குரல் உடைந்துவிட்டது. பிறகு போனும் அறுந்துவிட்டது.

ஆலமரம் இருந்தது. தொம்மலூரில் எங்களுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் எல்லோர் வீட்டு மூட்டையும் அதில்தான் தொங்கும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போவேனே தவிர, எதற்கென்று கேட்டதில்லை. பிறகு அந்த இடத்தில் கண்ணாடி ஆபீஸ் வந்தது. மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டு, சுற்றிலும் புல்லை வளர்த்து, வழவழவென்று கல் பெஞ்சு போட்டு, வெளியே பெரிய கேட்டும் வைத்துவிட்டார்கள்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கையில் குச்சியோடு மாட்டுக்குப் பின்னால் காவல் உட்கார்ந்தேன். சந்து நாய்களுக்கு எப்படித்தான் சேதி போனதோ, வரிசையாக வந்து அவையும் உட்கார்ந்தன. ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். அந்த நேரத்தில் கன்றின் வாலையும் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். வெயில் ஏறியபோது நஞ்சுக்கொடி விழுந்தது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, வைக்கோலில் சுருட்டி, சாக்கில் போட்டு, இறுக்கிக் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாய்கள் கேட் வரைக்கும் கூடவே வந்தன. சாமி ஊர்வலம் மாதிரி இருந்திருக்கும்.

கேட்டில் வாட்ச்மேன், ஓசூர்ப் பக்கத்து ஆள்.

"சாக்குல இன்னாம்மா?"

"சொன்னா உனக்குச் சோறு எறங்காது."

"சாப்ட்டாச்சு. சொல்லு."

சொன்னேன். இரண்டடி பின்னால் போனார். "அது இப்போ கம்பெனி மரம்மா. அதுங்கீழ உக்கார எனக்கே பர்மிசன் கெடையாது. நீ இதத் தொங்கவுட்டா என்னையும் பக்கத்துலயே தொங்கவுட்டுடுவாங்க."

"பாவம்பா, அந்தப் பொண்ணு மாட்டையே வித்துடுவா."

"எனக்குந்தான் வூட்ல மாடு இருக்குது. வேல போனா அதுவும் போயிடும்."

அவர் சொல்வதும் நியாயந்தான். சாக்கைக் கீழே வைத்தால் நாய் பாயும் என்று கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது டை கட்டிய ஆபீசர் ஒருவர் டீ குடிக்க வெளியே வந்தார். என்னைக் கடந்து போனவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். சாக்கைப் பார்த்தார்.

"கரு ஹாக்தா?" என்றார் கன்னடத்தில். கன்று போட்டுவிட்டதா என்கிறார். நான் தலையாட்டினேன். உடனே அடுத்த கேள்வி. "ஹெண்ணா, கண்டா?"

பெண்ணா ஆணா என்று அவள் போனில் கேட்ட அதே கேள்வி. மாடு இருக்கிற வீட்டில் வளர்ந்தவருக்குத்தானே இதைக் கேட்க வரும். "ஹெண்ணு" என்றேன், ஏதோ நானே பெற்றமாதிரி.

மனிதர் வேறு பேச்சே பேசவில்லை. சாக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வாட்ச்மேன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் நாய்களும் பின்னாலேயே போனோம். ஷூவைக் கழற்றினார், டையைச் சட்டைப் பாக்கெட்டில் செருகினார், பெஞ்சில் கால் வைத்து மரத்தில் ஏறினார். முதல் கிளையில் கட்டப்போனவர் கீழே நாய்களைப் பார்த்துவிட்டு இன்னொரு கிளை ஏறினார். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள் முளைத்தன. ஒருவர் வெளியே வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். இவர் மரத்திலிருந்தே ஏதோ சொன்னார். வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இறங்கியதும், அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பூஜேன்னு சொன்னேன். பூஜேன்னா யாரும் மேல கேக்கமாட்டாங்க" என்று தமிழும் கன்னடமுமாகச் சொன்னார்.

வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் என்னைக் கேட்ட கேள்வியை நான் முதல் தடவையாக ஒருவரைக் கேட்டேன். "நிம்மூரு யாவ்து?"

"மண்ட்யா பக்கம். நிம்து?"

"இதே ஊரு."

"ஓ, அதுக்குத்தான் மரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எதையோ மறைக்கிறேன் என்கிற அந்தப் பார்வையை அவர் பார்க்கவே இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள் பக்கத்து வீட்டுக்காரி. கன்றைக்கூடப் பார்க்கவில்லை. "எந்த மரம்க்கா?"

கூட்டிப்போனேன். கேட் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பளபளவென்ற கண்ணாடிக்கு முன்னால் நம் சாக்குமூட்டை சுகமாக ஆடிக்கொண்டிருந்தது. தோட்டக்காரரிடமும் பூஜை என்றே சொல்லிவைத்திருந்தார் வாட்ச்மேன்.

"ஒசரம் சரியா இருக்குது" என்றாள். பிறகு, "யாருக்கா கட்டுனது? முடிச்சு நம்மூட்டு முடிச்சாட்டம் கீது" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் மாட்டின் மடியில் கை வைத்தபோது நான் சொம்பைப் பிடித்துக்கொண்டேன். பால் இறங்கிய வேகத்தில் சொம்பு நுரைத்தது. இந்த வாட்டி வற்றவும் இல்லை, மாட்டை விற்கும் பேச்சும் அதோடு நின்றது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து முதல் தட்டை எனக்கே கொடுத்தாள். இன்னும் இரண்டு தட்டைக் கேட்டுக்குக் கொண்டுபோனேன். ஆபீசர் ஸ்பூன் எதுவும் கேட்கவில்லை, வழித்துச் சாப்பிட்டார்.

அடுத்த பொங்கலுக்குக் கிளம்பும்போது அவள் வீட்டில் ஒரு ஆடும் சேர்ந்திருந்தது, அதுவும் சினை.

"நாளு இருக்குதுக்கா" என்றாள்.

"போன வருசமும் இதத்தான் சொன்னே."

"அதான் உன்ன வுட்டுட்டுப் போறேன்."

போகும்போது சுத்தமான சின்னச் சாக்கு ஒன்றை மடித்துக் கையில் கொடுத்தாள். கேட்டுப் பக்கம் போனபோது வாட்ச்மேன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆட்டுதா?" என்றார். "என்கிட்டயே குடுத்துடு. சின்ன மூட்டைதான, இந்த வாட்டி நானே ஏறிடறேன்."