மூன்று கொம்பு உடைக்குள்

நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. பத்தாவதோடு படிப்பு நின்றதற்கும் அதுதான் காரணம். அவனியாபுரத்தில், விசேஷங்களுக்கு அலங்காரம் செய்து கொடுப்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, டைனோசர் உடைக்குள் போகிற வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன்.

பல்லைக் காட்டிப் பயமுறுத்தும் பெரிய டைனோசர் இல்லை அது. இலைதழை தின்று வாழ்ந்த வகை. உடை கன்றுக்குட்டி உயரம்தான். மூக்கில் ஒரு கொம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு, கழுத்துக்குப் பின்னால் முறத்தை நிறுத்தி வைத்த மாதிரி ஒரு தட்டு. உள்ளே குனிந்தபடிதான் நடக்க வேண்டும். கைக்கு ஒரு கட்டை, அவைதான் முன்னங்கால். வேர்வை நாறும். ஆனால் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. பிள்ளைகள் மிரளும் என்பதால் உள்ளிருந்து பேசவே கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்காகவே போட்ட சட்டம் போல இருந்தது.

பொங்கல் முடிந்த கையோடு பேரையூர்ப் பக்கம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சீருக்கு முன்னால் நான் போக வேண்டும். மண்டப வாசலில் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தார்கள். தலையைத் தாழ்த்தி, வாடிவாசல் காளை மாதிரி அதன் வழியாக வெளியே வந்தேன். அங்கே நின்ற இளவட்டங்களுக்கு அது போதுமாக இருந்தது.

"மாப்ள, அவுத்து விட்டாய்ங்கடா."

"திமிலைப் புடி."

"திமிலைக் காணோமேடா."

"அந்தா, கழுத்துல முறம் கணக்கா நிக்கிதுல்ல. அதான்."

மைக் வைத்திருந்தவரும் சேர்ந்துகொண்டார். "ஒரு ஆளு மட்டும் புடிங்கப்பா. வாலைப் புடிக்காதீங்க. மாடு நின்னு வெளயாடுதுப்பா."

மூன்று பேர் மேலே தொங்கினார்கள். பாரம் தாங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மொத்தக் கூட்டமும் என்னைப் பார்க்குமே என்று நினைத்தேன். முழங்கால் மடங்கி, மூட்டுக்குள் ஏதோ பிசகியது.

ஜிப்பைத் திறந்தவன் பதறிப்போனான். "மன்னிச்சிருங்கண்ணே. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல?" சுற்றிலும் குனிந்த முகங்கள். வலியைவிட அதுதான் தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

இனிமேல் குனிந்து நடக்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர், என்னைக் கைவிடவில்லை. "நின்னுக்கிட்டே பாக்குற வேலையாத் தாரேம்ப்பா," என்றார்.

இப்போது ஜரிகைத் தலைப்பாகை கட்டி, பன்னீர்ச் செம்போடு மண்டப வாசலில் நிற்கிறேன். வருகிற ஒவ்வொருவரையும் முகம் பார்த்து வாங்க வாங்க என்று சொல்ல வேண்டும். சிரிக்கவும் வேண்டும்.

"இம்புட்டு மெதுவாச் சொன்னா யாருக்குப்பா கேக்கும்?" என்கிறார் முதலாளி. அடுத்த வேன் வந்து நிற்கிறது. தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.