மன்னித்த பிறகு போட்ட வழக்கு

ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் இராக்கம்மா. கணவர் இராசையா ஆட்டோ ஓட்டினார். சில வருடங்களுக்கு முன் மகள் விதுஷாவோடு மூவரும் அந்த ஆட்டோவில் பதுளையிலிருந்து திரும்பும்போது, வெலிமடைக் காய்கறி முதலாளி ஒருவர் ஓட்டிவந்த லொறி வளைவில் எதிர்ப்பக்கம் பாய்ந்து மோதியது. இராசையாவுக்கு ஒரு கால் முழங்காலோடு போயிற்று. விதுஷாவின் வலது கை இன்றும் தோளுக்கு மேல் எழும்பாது. முதலாளி லொறியை விட்டுவிட்டு ஓடி, மறுநாள் தெளிந்த முகத்தோடு பொலிசுக்குப் போனார். கவனக்குறைவு என்று அபராதம் கட்டியதோடு அந்த வழக்கு முடிந்தது.

பிறகு தோட்டத்துக்கு வந்தார். தப்புச் செய்தவன் மாரியம்மன் கோவில் வாசலில் அதை வாய்விட்டுச் சொல்லித் தேங்காய் உடைத்தால், பாதிக்கப்பட்டவர் திருநீறு பூசிவிடுவது அங்கே வழக்கம். அத்தோடு பகை தீரும். முதலாளி உடைத்தார். இராக்கம்மா பூசிவிட்டாள்.

அதனால், முதலாளி குடித்து ஓட்டினார் என்று பதுளை வக்கீல் தயானி மூலம் அவள் நட்டஈட்டு வழக்குப் போட்டதும், தோட்டத்து வரிசை வீடுகளான லயமே முணுமுணுத்தது. “பூசுன கை காயல, அதுக்குள்ள கோட்டுக்குப் போறாளே!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

முதலாளியின் பதில் அதைவிட மோசம். அவர் குடிக்கவே இல்லையாம், குடித்திருந்தது இராசையாவாம். தோட்டத்து ஆண் என்றால் குடிகாரன் என்ற நினைப்பு ஊரில் எளிதாக எடுபடும். அன்றிலிருந்து இராசையா வாசலுக்கு வருவதில்லை. இராக்கம்மாவுக்கு இந்தச் சொல் அழிய வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“அம்மா, கோயில் கதையை நீங்களா எடுக்காதேங்கோ. மன்னிச்சாச்சு எண்டு கேசையே முடிச்சுப்போடுவினம்,” என்று எச்சரித்தாள் யாழ்ப்பாணத்துத் தயானி.

ஆனால் நீதிமன்றத்தில் இராக்கம்மா கூண்டில் நின்றபோது அதை எடுத்தது எதிர்த்தரப்பு வக்கீல். “கோவிலில் தேங்காய் உடைத்து மன்னித்துவிட்டீர்கள்தானே?”

“மன்னிச்சிட்டேங்க. கோவத்தையும் சொமந்துக்கிட்டு மலையேற முடியலீங்க.”

வக்கீல் சிரித்தார். தயானி கண்களை மூடிக்கொண்டாள்.

“ஆனா தப்பச் சொல்லாம தேங்கா ஒடைக்க விடமாட்டோமுங்க. ‘குடிச்சிட்டு ஓட்டிட்டேன் தாயே’ன்னு மொதலாளி சொன்னாரு. கேட்டுட்டுத்தான் பூசுனேன்.”

சிரிப்பு நின்றது. முதலாளி கூண்டில் ஏறியதும் தயானி கேட்டாள்: “தேங்காய் உடைச்சது உண்மையோ?”

“உண்மைதான்.”

“உடைக்க முதல் அம்மனுக்கு என்ன சொன்னீங்கள்?”

ஒன்றும் சொல்லவில்லை என்று மறுத்தால் தன் வக்கீல் கட்டிய சமாதானக் கதை சரியும். மாரியம்மன் பேரில் பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை. “குடிச்சிருந்தேன்னு சொன்னேன்,” என்றார் மெதுவாக.

இராக்கம்மாவைப் பெரிய அறிவாளி என்றோ துணிச்சல்காரி என்றோ சொன்னால் மிகையாகும். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் மன்னிப்பது மனதின் காரியம், ஈடுகட்டுவது செய்தவனின் பொறுப்பு என்பதை அவள் குழப்பிக்கொள்ளவில்லை. படித்தவர்கள் பலருக்கும் அது குழம்பும்.

தீர்ப்பும் அதையே சொன்னது: மன்னிப்பால் ஈடு தீராது; குடித்து ஓட்டியவர் முதலாளி; மூவருக்கும் அவரே ஈடுகட்ட வேண்டும்.

“எங்க வீட்டுக்காரரு குடிக்கலன்னு எழுதியிருக்குங்களா?” என்று கேட்டாள் இராக்கம்மா.

“வடிவா, தெளிவா எழுதியிருக்கு, அம்மா,” என்றாள் தயானி.

அன்று மாலை லயத்து வாசலில் கதிரை போட்டு இராசையா உட்கார்ந்தார். தீர்ப்பைக் கொண்டாடி வெடி கொளுத்திய ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். “என்னாண்ணே, இன்னைக்காவது ஒரு போத்தல் ஒடைப்போமா?” என்று ஒருவன் சீண்டினான்.

“போடா! கோட்டே சொல்லிருச்சு நான் குடிக்காதவன்னு. பிளேன்டீ இருந்தா ஊத்து.”